தேவைக்குப் பற்றரியா, பயத்துக்குப் பற்றரியா?

சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் என்னைத் தேடி வந்தார். கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்க்கும் குடும்பம். மூன்று பிள்ளைகள். வீட்டில் நோயாளியான உம்மா. பல வருடச் சேமிப்போடு ஒரு மின்சாரக் கார் வாங்க முடிவு செய்திருந்தார்கள். அவர் கையில் இரண்டு விலைப் பத்திரங்கள் இருந்தன. ஒன்று 40 கிலோவாற்று மணி பற்றரி கொண்ட கார். மற்றையது 60.

“பாதர், பெரியதையே எடுப்பம் எண்டு நினைக்கிறன். காசு போதாது. மனிசிட நகையை வெச்சுச் சமாளிக்கலாம்” என்றார். ஏன் பெரியது என்று கேட்டேன். “உம்மாவ மகரகமைக்குக் கூட்டிப் போகணும். நடுவழியில நிண்டுட்டா என்ன செய்யிற?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஆயினும் ஒரு பெண்ணின் நகை அடகுக்குப் போவதா இல்லையா என்பது அதன் விடையில் தங்கியிருக்கிறது. கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எமது கரையோர ஊர்களெங்கும் இன்று பலர் இதையே கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் கேள்வி கூடியிருக்கிறது. எனவே இதைப் பற்றி நாம் சற்று ஆற அமரச் சிந்திப்பது நல்லது.

பயம் எங்கிருந்து வந்தது?

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்திருந்தோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. பின்னர் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. அந்த நாட்களில் நாம் ஒரு பாடம் படித்தோம்: கிடைக்கும்போது நிரப்பி வை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வை.

அந்தப் பாடத்தையே இப்போது பற்றரிக்கும் பொருத்திப் பார்க்கிறோம். ஆனால் பெரிய பெற்றோல் தாங்கிக்கும் பெரிய பற்றரிக்கும் இடையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தாங்கி பெரிதானால் தகரம்தான் கூடும்; செலவு அற்பம். பற்றரியோ காரின் மிக விலை கூடிய உறுப்பு. 2024ஆம் ஆண்டில் உலகச் சராசரியாக ஒரு கிலோவாற்று மணிப் பற்றரியின் விலை ஏறக்குறைய 115 அமெரிக்க டொலர் என்று கணிக்கப்பட்டது. 40க்கும் 60க்கும் இடையிலுள்ள 20இன் விலை 2,300 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் சுமார் ஏழு இலட்சம் ரூபா. இது தொழிற்சாலைக் கணக்கு மாத்திரமே. வரியும் வியாபாரியின் இலாபமும் இதன்மேல் ஏறும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எமது நாட்டில் மின்சாரக் காருக்கான உற்பத்தித் தீர்வை பற்றரியின் அளவைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. மோட்டாரின் வலுவைக் கிலோவாற்றில் பார்த்து, படிப்படியாக விதிக்கப்படுகிறது. பெரிய பற்றரி பூட்டிய கார்களுக்குப் பெரும்பாலும் வலுக்கூடிய மோட்டாரும் பூட்டப்படுகிறது. ஆகவே பற்றரியோடு தீர்வையும் ஏறிவிடலாம். விலைப் பத்திரத்தில் இரண்டு எண்களையும் தனித்தனியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கணக்குப் போடுவோம்

கிலோவாற்று மணி என்ற சொல் பயமுறுத்த வேண்டியதில்லை. மின்சாரப் பட்டியலில் நாம் மாதாமாதம் காணும் ‘அலகு’ என்பதும் அதுவே. 40 கிலோவாற்று மணி பற்றரி என்றால் 40 அலகு மின்சாரம் கொள்ளும் பாத்திரம்.

நடுத்தரக் குடும்பக் கார் ஒன்று எமது சமதரை வீதிகளில், எமது வெயிலில், குளிரூட்டியையும் போட்டுக்கொண்டு ஓடினால் ஒரு அலகுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவாக ஓட்டுபவருக்குக் கூடுதலாகவும் வேகமாக ஓட்டுபவருக்குக் குறைவாகவும் கிடைக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது வேறு நாட்டில், பரிசோதனைச் சாலையில் அளந்தது.

நண்பரிடம் ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, குடும்பத்தின் ஒரு மாத ஓட்டத்தை எழுதச் சொன்னேன். அவர் அக்கரைப்பற்றில் படிப்பிக்கிறார். போக வர 45 கிலோமீற்றர் அளவில். மனைவியைக் கல்முனையில் இறக்கி ஏற்றுவது, பிள்ளைகளின் ரியூசன், சந்தை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 60. மாதத்தில் இரண்டு மூன்று தடவை மட்டக்களப்பு. நகருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 90. அம்பாறைக் கச்சேரிக்கு எப்போதாவது. அது 60ஐத் தாண்டாது. மகரகம மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

அடிக்கடி செய்யும் பயணங்களில் நீண்டது மட்டக்களப்பு. 90ஐ 6ஆல் வகுத்தால் 15 அலகு.

அப்படியானால் 15 அலகுப் பற்றரி போதுமா? போதாது. பற்றரியை அடிவரை வற்ற விடக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். நிக்கல் சேர்ந்த பற்றரிகளைத் தினமும் முழுதாக நிரப்பாமல் நூற்றுக்கு எண்பது அளவில் நிறுத்துவதே அவற்றின் ஆயுளுக்கு நல்லது. வருடங்கள் செல்லச் செல்லக் கொள்ளளவும் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்வோம். இவையெல்லாம் கழிந்தால் பெயர்ப் பலகையிலுள்ள எண்ணில் ஏறக்குறைய பாதிதான் நாளாந்தப் பாவனைக்கு மிஞ்சும்.

ஆகவே மனதில் வைக்கக்கூடிய ஓர் எளிய விதியைச் சொல்கிறேன். நீங்கள் அடிக்கடி செய்யும் பயணங்களில் நீண்டதை 6ஆல் வகுத்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள். நண்பரின் குடும்பத்துக்கு 15 இரண்டு தடவை, 30 அலகு. பிள்ளைகள் வளர்வார்கள், ஓட்டம் கூடும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 40. அது தாராளமாகப் போதும்.

எமது கரையில் இயந்திரத் தோணி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை போய் மத்தியானம் திரும்புபவர் அன்றைய ஓட்டத்துக்கு வேண்டிய எண்ணெயோடு, காற்று மாறினால் உதவும் என்று ஒரு கேன் கூடுதலாக ஏற்றுவார். பலநாட் படகுக்கு ஏற்றும் எண்ணெயை அவர் தமது தோணியில் ஏற்ற மாட்டார். ஏற்றினால் மீனுக்கு இடமிருக்காது. பற்றரியிலும் பாரம் உண்டு. ஓர் அலகு கொள்ளளவுக்கு ஆறு, ஏழு கிலோ. 20 அலகு கூடினால் இரண்டு பெரிய ஆட்களை நாள் முழுவதும் சும்மா ஏற்றித் திரிவதற்குச் சமம்.

சிறியதைத் தேடி ஏமாந்த கதை

பெரிய பற்றரி வேண்டாம் என்று மட்டும் சொல்லி நான் தப்பிவிட முடியாது. சில வருடங்களுக்கு முன்னர் மறுபக்கத்தில் நானே தவறு செய்தேன். எமது வேலைத்திட்டத்தில் பணியாற்றிய ஒருவர் பழைய மின்சாரக் கார் ஒன்று மலிவாக வந்திருப்பதாகச் சொல்லி ஆலோசனை கேட்டார். ‘உங்கள் ஓட்டத்துக்குச் சிறிய பற்றரி போதும், தாராளமாக வாங்குங்கள்’ என்றேன். புதிதாக இருந்தபோது அந்தப் பற்றரிக்கு என்ன கொள்ளளவோ அதை வைத்துக் கணக்குப் போட்டேனே தவிர, இப்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்கவில்லை. பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே மிஞ்சியிருந்தது. மட்டக்களப்புக்குப் போனவர் திரும்பி வர வழியின்றி, ஒரு கடைக்காரரின் பிளக்கில் வயரைச் செருகிவிட்டு இரவு முழுவதும் வாங்கில் படுத்திருந்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பற்றரிகளுக்கு வெப்பம் ஒரு பெரிய எதிரி. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரி குறைவாக இருந்த வேளையில் ஜப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் எமது நாட்டுக்கு வந்தன. பெரும்பாலானவை 24 அலகுப் பற்றரி கொண்டவை. அந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவில் அரிசோனா போன்ற வெயில் பிரதேசங்களில் அதே காரின் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக 2012இலேயே முறைப்பாடுகள் எழுந்தன. அதன் பின்னர் நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அறிவித்தது. குளிர்நாடான நோர்வேயில் அதே கார் நன்றாக உழைத்தது. எமது வெயில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே பாவித்த கார் வாங்குபவர் கொள்ளளவு எத்தனை அலகு என்பதோடு நிற்காமல், எத்தனை அலகு மிஞ்சியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பற்றரியின் ஆரோக்கியத்தைக் கணினிக் கருவியால் அளந்து பார்க்கலாம். அளக்க விடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள். பற்றரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டா, உத்தரவாதத்தில் கொள்ளளவும் அடங்குமா என்றும் கேளுங்கள். இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி கொண்ட கார்கள் இப்போது வருகின்றன. அவை கூடுதல் தடவை மின்னேற்றம் தாங்கும். முழுதாக நிரப்புவதும் அவற்றைப் பெரிதாகப் பாதிக்காது. அவற்றுக்குக் கோபால்ற்று உலோகமும் தேவையில்லை. உலகின் கோபால்ற்றில் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் சுரங்கங்களில் வேலை செய்வது பல வருடங்களாக வெளிவந்த செய்தி. எமக்குத் தேவையில்லாத ஒவ்வோர் அலகுக்கும் எங்கோ ஒருவர் மண் தோண்டுகிறார் என்பதையும் நினைத்துக்கொள்வோம்.

கொழும்புப் பயணம்

இனி உம்மாவின் மகரகமப் பயணம். கல்முனையிலிருந்து அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை, கண்டி வழியாகக் கொழும்புப் பக்கம் முந்நூறு கிலோமீற்றரைத் தாண்டும். 340 என்று வைப்போம். 6ஆல் வகுத்தால் 57 அலகு. மகியங்கனைக்கு அப்பால் மலையும் ஏற வேண்டும். இரண்டாயிரம் கிலோ பாரத்தை ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஐந்தரை அலகு வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

60 அலகுப் பற்றரியில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டால் 48 அலகு, 290 கிலோமீற்றர் அளவில். ஆகவே பெரிய பற்றரியோடு போனாலும் வழியில் ஒரு தடவை நிற்கத்தான் வேண்டும். 40 அலகுப் பற்றரியோடு போனால் இரண்டு தடவை நிற்க வேண்டிவரும். வித்தியாசம் ஒரு தரிப்பு. வேகமாக மின்னேற்றும் இடமாக இருந்தால் ஒரு மணிநேரத்துக்கு உட்பட்ட நேரம். வருடத்தில் நாலு பயணம், போக வர எட்டுத் தரிப்பு. அந்த எட்டு மணிநேரத்துக்காக ஏழு இலட்சமும் அதன்மேல் வரியுமா?

ஆனால் ஒரு மறுப்பையும் நான் மறைக்க மாட்டேன். வருத்தத்தோடு இருக்கும் ஒரு தாயை வீதியோரத்தில் ஒரு மணிநேரம் வைத்திருப்பது இலகுவான காரியமல்ல. மின்னேற்றும் இடத்தில் இயந்திரம் பழுதென்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு என் பதில்: அந்த நாலு பயணத்துக்கும் ஒரு வானை வாடகைக்குப் பிடியுங்கள். உம்மா பின் ஆசனத்தில் சாய்ந்துகொண்டு போகலாம். நீங்களும் விழித்திருந்து ஓட்ட வேண்டியதில்லை. ஒரு வருட வான் வாடகையையும், நகைக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பெரிய பற்றரி எவருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிழமைதோறும் கொழும்புக்குச் சரக்குக்குப் போகும் வியாபாரிக்கு அது தேவை. வாடகைக்கு ஓட்டுபவருக்கும், வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாதவருக்கும் அது உதவும். அதே விதியைப் போட்டுப் பார்த்தால் அவர்களுக்குப் பெரிய எண்தான் வரும்.

குளமும் வாய்க்காலும்

எமது வயல்களுக்குத் தண்ணீர் தரும் சேனநாயக்க சமுத்திரம் எவ்வளவு பெரிதாயிருந்தாலும், கடைசி வட்டைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை வாய்க்கால்தான் தீர்மானிக்கும். பற்றரி குளம் என்றால் வீட்டுப் பிளக் வாய்க்கால். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 2 அலகுதான் ஏறும். இரவு எட்டு மணிநேரத்தில் 16 அலகு, 96 கிலோமீற்றர். நண்பரின் நாளாந்த ஓட்டமோ 60. சிறிய பிளக்கே போதும் என்பதற்கு இது சாட்சி. 60 அலகுப் பற்றரியை அடியிலிருந்து அதே பிளக்கில் நிரப்ப ஒரு நாளுக்கு மேல் வேண்டும்.

ஆனால் எட்டு மணிநேரம் இடைவிடாமல் பாரம் தாங்க வேண்டிய பிளக் அது. பழைய வயரிங்கில் செருகாதீர்கள். மின்னியலாளரைக் கொண்டு தனி வயர் இழுத்து, நிலத்தொடுப்பையும் சோதியுங்கள். மின்கட்டணத்தையும் மறவாதீர்கள். நாளுக்கு 60 கிலோமீற்றர் என்றால் மாதம் 250 அலகு கூடும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். 180 அலகைத் தாண்டியவர்கள் கடைசிப் படியில் நிற்பார்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் மின்தேவை உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் காரைச் செருகுவது நாட்டுக்கும் சுமை.

இங்கேதான் நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டில் விடுமுறை நாட்களின் மத்தியான வேளையில் கூரைச் சூரிய மின்சாரம் தேவைக்கு மேல் வருகிறது என்று, அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் வீணாகிறது, கார்களோ பகல் முழுவதும் பாடசாலை முற்றத்திலும் அலுவலக முற்றத்திலும் சும்மா நிற்கின்றன. பள்ளிவாசல்கள், கோவில்கள், தேவாலயங்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கூரைகளில் சூரியத் தகடு இருந்தால், முற்றத்தில் இரண்டு மின்னேற்றுப் பிளக்குகளைப் பொருத்திக் கட்டணம் அறவிட முடியாதா? கார் மட்டுமல்ல, மின்சார முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கும் ஏழை உழைப்பாளிக்கும் அது பயன்படும்.

பத்துக் குடும்பங்கள் பயத்தினால் தலைக்கு ஏழு இலட்சம் கூடுதலாகக் கொடுத்தால் எழுபது இலட்சம். அவ்வளவு பணமும் பத்துக் கார்களின் அடியில் பெரும்பாலான நாட்களில் பாவனையின்றிக் கிடக்கும். அதில் ஒரு பங்கை ஊர்ப்பொது மின்னேற்று இடங்களில் இட்டால் பயத்தின் காரணமே குறைந்துவிடும். நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்சாரக் கார்கள். அங்கே வீதிகள் நெடுகிலும் மின்னேற்றும் இடம் உண்டு என்ற நம்பிக்கை அதற்கு ஒரு முக்கிய காரணம்.

எம் வாசகர்களில் கார் வாங்கக்கூடியவர்கள் சிலரே என்பதை அறிவேன். ஆயினும் உழவு இயந்திரம், தண்ணீர்ப் பம்பி, தோணி எஞ்சின் என்று எதை வாங்கும்போதும் இதே கேள்வி எழுகிறது: வருடத்தில் நாலு நாள் தேவைக்காக 361 நாளும் கடன் சுமப்பதா?

அடுத்த கிழமை ஆசிரியர் மீண்டும் வந்தார். கொப்பித் தாளில் மனைவியின் கையெழுத்தில் கணக்கு முழுவதும் இருந்தது. அவர் போட்ட எண் 38. “மனிசி சொல்றா, நகை பெட்டியிலேயே இரிக்கட்டும், உம்மாக்கு வான் பிடிப்பம் எண்டு” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: “பாதர், உங்கட முற்றத்தில ஒரு பிளக் போடுவீங்களா?”

நியாயமான கேள்வி. அதற்கு நான்தான் இப்போது பதில் சொல்ல வேண்டும்.